எழுப்பிவிடாத சபை

என்னை நியாயஸ்தன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடைக்கு வருகிறவர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கோர்ட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம், மூன்று பேர் பயந்தார்களாம், கருத்தக்கண்ணன் ஒருத்தன்தான் ஜட்ஜ் முகத்துக்கு நேரே 'குற்றவாளி இல்லை' என்று சொன்னானாம். சொன்னது வாஸ்தவம். அந்த வாஸ்தவத்தை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எழுதிவைக்கிறேன்.

மாசி வீதியில் எனக்கு இரும்புக் கடை. ஆணி, கொழு, வண்டிப் பட்டா, கதவுக் கீல் விற்கிறேன். முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் கோர்ட்டுச் சேவகன் ஒரு சம்மனைக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு கொலைக் கேஸுக்கு அசெஸராக வந்து உட்கார வேண்டுமாம். அசெஸர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சொத்துபத்து உள்ள நாலு பேரைக் கூப்பிட்டு ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். வழக்கு முடிந்ததும் ஒவ்வொருவரும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், குற்றவாளியா இல்லையா என்று அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஜட்ஜ் அதை எடுத்துக்கொண்டாலும் கொள்வார், தள்ளினாலும் தள்ளுவார். கல்யாண வீட்டில் சம்பந்தமில்லாதவனைப் பந்தியில் முன்னால் உட்காரவைக்கிற மாதிரிதான்.

ஆனாலும் நான் பெருமையாகத்தான் போனேன். என் ஒரே மகள் செல்லத்தாய்க்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேலூரில் நெல் வியாபாரிகள், கௌரவம் பார்க்கிறவர்கள். பெண்ணின் அப்பன் ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்காருகிறான் என்றால் அவர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம். என் மனைவி பாண்டியம்மாள் சலவைச் சட்டையை எடுத்து வைத்து, திருநீற்றுத் தட்டையும் நீட்டினாள்.

ஜட்ஜ் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். சாட்சி திணறினால் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். நல்ல மனிதர், அதுதான் இதில் கொடுமை. அவர் எங்களைப் பார்த்து முதலில் சொன்னது இது: "எதிரியைப் பற்றியோ, வழக்குக்கு வேண்டிய வேறு எந்த விஷயத்தைப் பற்றியோ உங்களில் யாருக்காவது நேரில் தெரிந்திருந்தால், எப்போது வேண்டுமானாலும் எழுந்து சொல்லிவிட வேண்டும். உங்களையும் கூண்டில் ஏற்றிச் சாட்சியாக விசாரிப்போம். அது சட்டம்." நாலு பேரும் தலையாட்டினோம். அதற்குப் பிறகுதான் எதிரியைக் கூட்டிவந்தார்கள்.

வந்தவர் நல்லகாமன்.

பதினெட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். மீசை முழுக்க வெளுத்துவிட்டது. கையில் விலங்கு. தோளில் துண்டை மட்டும் பழையபடியே மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். அப்போதே நான் எழுந்து, எனக்கு இவரைத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளதைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது.

சமயநல்லூருக்கு மேற்கே மேலநெடுங்குளம் எங்கள் ஊர். நல்லகாமன் அங்கே ஊர்க்கூட்டத்துக்குத் தலைவர், அப்புறம் பஞ்சாயத்து போர்டுக்கும் பிரசிடெண்ட் ஆனார், ஜில்லா போர்டிலும் மெம்பர் ஆனார். கலெக்டர் முகாம் வந்தால் முதல் மாலை அவர் கையால்தான். சுற்றியுள்ள பதினாறு கிராமமும் அவர் காட்டிய பெட்டியில்தான் ஓட்டைப் போடும். முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில் காற்று மாறியது. அவர் நின்ற கட்சி தோற்றது. அடுத்த மாதமே பஞ்சாயத்து போர்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஒன்பது மெம்பர்களில் எட்டுப் பேர் கை தூக்கினார்கள். தூக்கவைத்தவன் அழகுமலை, நல்லகாமனின் சொந்த அக்கா மகன். அவனே பிரசிடெண்ட் நாற்காலியிலும் உட்கார்ந்தான்.

நாலு மாதம் போனது. ஒரு நாள் ராத்திரி போர்டு ஆபீஸ் தீப்பிடித்தது. கூரைக் கட்டடம், நிமிஷத்தில் இறங்கிவிட்டது. உள்ளே படுத்திருந்த காவலாளி மருது வெந்து செத்தான். கதவை வெளியிலிருந்து யாரோ தாழிட்டிருந்தார்கள். பதவி போன ஆத்திரத்தில் நல்லகாமன்தான் வைத்தார் என்று கேஸ்.

வைத்தாரா என்று என்னைக் கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது. கோபக்காரர்தான், வைத்திருக்கவும் கூடும். அந்தத் தீயில் மாமன் மாட்டிக்கொண்டதால் லாபம் அடைந்தவன் அழகுமலை, அவனும் வைத்திருக்கலாம். மருதுவின் மனைவி ஒச்சம்மாள் மூன்று நாளும் கோர்ட்டுப் படிக்கட்டுக்குக் கீழே முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவை யார் தாழிட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் வந்திருக்க வேண்டும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் இரண்டு சாட்சிகள் ஏறினார்கள். நல்லகாமன் பந்தத்தோடு போனதைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள். எதிரி வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. ஒருவன் அன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் மொட்டை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தான் என்று அவன் வாயாலேயே வரவைத்தார். இன்னொருவனுக்கும் நல்லகாமனுக்கும் வரப்புச் சண்டை என்று காட்டினார். இதே இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு முன்னால் நல்லகாமன் எதிரில் செருப்புப் போட்டு நடந்திருக்க மாட்டார்கள். ஜட்ஜ் பேனாவை மூடிவைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது.

ஆகக்கூடி கேஸில் மிஞ்சியது ஒரு காகிதம்தான். தீப்பிடித்த மூன்றாம் நாள் சப்-மாஜிஸ்திரேட் ஊருக்கே முகாம் வந்து, ஊர்க்கூட்டம் கூடுகிற சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்லகாமனைக் கொண்டுவந்து நிறுத்தி, "உன்மேல் இப்படிக் குற்றம் சொல்கிறார்கள். இஷ்டமிருந்தால் பதில் சொல்லலாம்" என்றிருக்கிறார். நல்லகாமன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்பு எம்மேலதான். சபை பாத்துச் சொல்லணும்" என்றிருக்கிறார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டார். மாஜிஸ்திரேட் காகிதக் கட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தக் காகிதத்தைக் கோர்ட்டில் படித்தபோது அத்தனை பேரும் கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அது ஒப்புதல் இல்லை என்று அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஊர்க்கூட்டத்தின் முறை இப்படி. யார்மேல் பிராது வந்தாலும், அவன் முதலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழ வேண்டும். விழுந்து, 'தப்பு எம்மேலதான், சபை பாத்துச் சொல்லணும்' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனிடம் சபை பேசாது. சொன்ன பிறகுதான் விசாரணையே ஆரம்பிக்கும். திருடினவனும் அதைத்தான் சொல்வான், திருடாதவனும் அதைத்தான் சொல்வான். சபைக்குக் காட்டுகிற மரியாதை, அவ்வளவுதான். தீர்ப்புச் சொன்னதும் அவன் இன்னொரு தரம் விழ வேண்டும். அப்போது தலைவர் "எந்திரி" என்பார். தலைவர் சொல்லாவிட்டால் சபையில் யாராவது ஒருவர் சொல்லலாம். அந்த வார்த்தை வந்துவிட்டால், என்ன தண்டனை போட்டிருந்தாலும் அவன் ஊரான். ஒருவரும் சொல்லாமல் கலைந்துவிட்டால் அவன் தானாக எழுந்து ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

அதே சாவடியில் நான் விழுந்து கிடந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கண்மாய் மடையை யாரோ இரவில் திறந்துவிட்டார்கள். கடைமடைக்காரர்களின் பயிர் கருகிவிட்டது. என் வயல் மடைக்குப் பக்கத்தில் இருந்ததால் என்மேல் பிராது வந்தது. விழுந்தேன், முறைப்படி சொன்னேன். நல்லகாமன் விசாரித்தார். என் பேச்சையும் கேட்டார், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசியில் நான்தான் திறந்தேன் என்று தீர்ப்புச் சொன்னார். நான் திறக்கவில்லை. இரண்டாம் தரம் விழுந்து, மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். துண்டுகளை உதறும் சத்தம் கேட்டது, காலடிச் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கியபோது சாவடியில் யாரும் இல்லை.

பாண்டியம்மாளுக்கு அது நிறைமாதம். ஊர் விலக்கிவிட்டால் நெருப்புக் கிடைக்காது, தண்ணீர் கிடைக்காது, மருத்துவச்சியும் வரமாட்டாள். வண்டியில் படுக்கவைத்து மதுரைக்கு ஓட்டிவந்தேன். சமயநல்லூர் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. ரயில் பாதை ஓரத்தில் குழி தோண்டினேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. மதுரையில் எல்லோரிடமும் வியாபாரத்துக்காக வந்தேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். மேலூர்ச் சம்பந்திகளுக்கும் அதே கதைதான்.

அப்பேர்ப்பட்ட நல்லகாமனுக்கு, ஜென்மத்தில் முதல் தடவையாகத் தான் விழ வேண்டிய முறை வந்திருக்கிறது. எத்தனையோ பேரை விழவைத்த அதே சாவடி. எதிரே ஒருவர் நாற்காலியில். எத்தனை கலெக்டரைப் பார்த்திருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு அது ஊர்ச்சபையாகத்தான் பட்டிருக்கும். மற்றவர்களிடம் கேட்டு வாங்கியதைத் தானும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று விழுந்துவிட்டார். இனிமேல் விசாரிப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார். அவர்களோ எல்லாம் முடிந்தது என்று வண்டி ஏறிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் எதிரி வக்கீல் இதைத்தான் சொல்லப் பார்த்தார். ஊர்ப் பெரியமனிதர் முத்துக்கருப்பனைக் கூண்டில் ஏற்றினார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் இந்த முத்துக்கருப்பன்.

"உங்க ஊர்க் கூட்டத்தில் பிராது வந்தவன் முதலில் விழுந்து, தப்பு என்மேல்தான் என்று சொல்கிற வழக்கம் உண்டா, இல்லையா?"

"ஊர்க்கூட்டமா? இப்ப ஏதுங்க ஊர்க்கூட்டம். எல்லாத்துக்கும் கோர்ட்டு, கச்சேரின்னு வந்துட்டோம்ல."

"முன்னால் இருந்ததா?"

முத்துக்கருப்பன் கோர்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே தூணில் சாய்ந்துகொண்டு அழகுமலை நின்றிருந்தான். "அப்பிடி ஒரு வழக்கத்த நான் கேள்விப்பட்டதே இல்லைங்க" என்றார்.

நல்லகாமன் கூண்டிலிருந்து அவரையே பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. முத்துக்கருப்பன் இறங்கிப்போனதும் ஜட்ஜ் வக்கீலிடம், "இந்த வழக்கம் உண்டென்று சொல்ல ஒரே ஒரு சாட்சி, நம்பத்தகுந்த சாட்சி இருந்தால், இந்த வாக்குமூலத்தை நான் ஒதுக்கிவைக்கத் தயார். ஒதுக்கிவிட்டால் கேஸில் ஒன்றும் இல்லை, அது எனக்கும் தெரியும். வெறும் உங்கள் பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். சொல்லிக்கொண்டே எங்கள் வரிசைப் பக்கம் திரும்பினார். என்னைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே ஏதோ புறா பறந்தது, அதைப் பார்த்திருக்கிறார்.

மத்தியானம் கோர்ட்டுக் கலைந்தபோது தண்ணீர் குடிக்கலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் நல்லகாமன் நின்று, விலங்குக் கையால் குவளையைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, கருத்தக்கண்ணந்தான? நேத்தே பாத்துட்டேன்."

போலீஸ்காரர் ஒருவர் "பேசாதய்யா" என்றார். நல்லகாமன் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி மடையத் திறந்தது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்லும்போதே தெரியும். அழகுமலைதான் திறந்தான். அக்கா மகனாப் போயிட்டான், அதான் ஒம்மேல தூக்கிப் போட்டேன்."

"இத எதுக்கு இப்பச் சொல்றீக?" என்று கேட்டேன்.

"நீ சபையில உக்காந்திருக்கேல்ல. தெரியாம ஒரு முடிவு சொல்லிரக் கூடாது. என்னையப் பத்தி அம்புட்டும் தெரிஞ்சவன் ஒருத்தனாச்சும் அங்க இருக்கணும் மாப்ள. அப்பத்தான் அது நியாயம்."

குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார். எனக்காகச் சொல்லு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முகத்தில் காறித் துப்பியிருப்பேன், மனமும் ஆறியிருக்கும்.

அதுநாள்வரை அவர் தெரியாமல் தப்புத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மனிதன் தவறுவான் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தேதான் என்னை மண்ணில் கிடக்கவிட்டு எழுந்துபோயிருக்கிறார். ரயில் பாதை ஓரத்துக் குழி ஞாபகம் வந்தது. சாவு, நன்றாகச் சாவு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பாண்டியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்திரிச்சு நின்னு, அப்பிடி ஒரு வழக்கம் உண்டுன்னு நீங்க சொன்னா அந்தாளு பொழைச்சுக்குவாரா?"

"பொழைச்சுக்குவாரு. ஆனா எனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாக. நானும் விழுந்தேன், தண்ணி திருடுனவன்னு ஊரவிட்டு வெரட்டுனாகன்னு சபையறியச் சொல்லணும். அங்க கேஸு பாக்க மேலூர்க்காரக நாலு பேரு வந்து உக்காந்திருக்காக. செல்லத்தாய் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?"

"ம்."

"அதுவும் யாருக்காக? நம்ம பிள்ளையக் கொன்ன ஆளுக்காக."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பிள்ளைய இதுல இழுக்காதீக. பெத்தவ நானு. நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. ஆனா எனக்காகன்னு நெனச்சுக்கிட்டு எதையும் செய்யாதீக. அந்தப் பழி எனக்கு வேணாம்." அகப்பையை எடுத்து மறுபடி சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டு வக்கீல்களும் பேசி முடிக்க மத்தியானம் ஆனது. அவ்வளவு நேரமும் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை நாற்காலிக் கையைப் பிடித்து அரை அடி எழுந்தேன். பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்காரர், "என்ன, கால் மரத்துப்போச்சா?" என்றார். ஆமாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜட்ஜ் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். ஜவுளிக்கடைக்காரர் குற்றவாளி என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் எழுந்திருக்கும்போதே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"குற்றவாளி இல்லைங்க" என்றேன் நான்.

கோர்ட்டில் சலசலப்பு வந்தது. பின்னால் நின்ற அழகுமலையின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியா? காரணம் சொல்ல முடியுமா?"

"எனக்கு அப்பிடித் தோணுதுங்க."

"அந்த வாக்குமூலம் இருக்கிறதே. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

நான் சும்மா நின்றேன்.

"இந்த வழக்கில் உங்களுக்கு நேரில் தெரிந்தது ஏதாவது உண்டா? தாமதமாகச் சொன்னாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவு தூரம் இறங்கி வந்து கேட்டார். கூண்டிலிருந்து நல்லகாமனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமும் என் கண் போனது.

"இல்லைங்க" என்றேன்.

"நிச்சயமாக?"

"இல்லைங்க."

நான் ஏன் 'குற்றவாளி இல்லை' என்று சொன்னேன் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு மனசாட்சியும் வேண்டியிருந்தது, மானமும் வேண்டியிருந்தது. பகை தீரவும் வேண்டியிருந்தது. செலவில்லாத ஒரு வார்த்தையைச் சொல்லி மூன்றையும் வாங்கப் பார்த்தேன். ஜட்ஜுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. 'நான்காவது அசெஸர் காரணம் எதுவும் காட்டாதபடியால் அவர் அபிப்பிராயத்தை ஏற்பதற்கில்லை' என்று எழுதினார். எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. தூக்கு என்று தீர்ப்பு.

பதவியை விட்டு இறக்கப்பட்ட ஒரு மனிதனைக் கோர்ட்டு நியாயமாக விசாரிக்குமா என்று பேப்பரில் கேட்டு எழுதுகிறார்கள். ஜட்ஜ் எவ்வளவு யோக்கியராக இருந்தால்தான் என்ன? நேற்றுவரை நல்லகாமனுக்குப் பயந்தவன் பொய்ச் சாட்சி சொல்கிறான், அவரால் வாழ்ந்தவன் வாயை மூடிக்கொள்கிறான், அவரால் கெட்டவன் ஜட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் அந்த மூன்றாவது ஆள். அதனால்தான் எனக்கு அந்தக் கேள்வியைப் படித்தாலே எரிச்சல் வருகிறது.

தீர்ப்பைத் தமிழில் படித்துச் சொன்னார்கள். ஜட்ஜ் எழுந்து உள்ளே போனார். அப்போது நல்லகாமன் தோள்துண்டை எடுத்தார். விலங்குக் கையால் கட்ட வரவில்லை, இரண்டு மூன்று தரம் முயன்று எப்படியோ இடுப்பில் சுற்றிக்கொண்டார். கூண்டுக்குள்ளேயே குப்புற விழுந்தார். கூண்டில் கால் நீட்ட இடமில்லை, முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார்.

ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவர் மயங்கிவிட்டார் என்று யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். முத்துக்கருப்பனுக்குப் புரிந்திருக்கும், அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அழகுமலை அவருக்கும் முன்னாலேயே போய்விட்டிருந்தான். எனக்கும் நல்லகாமனுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் தூக்குத் தண்டனை மாறாது, மேலூர்க்காரர்களுக்கும் எதுவும் விளங்கியிருக்காது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊரான் ஒருவன் சொன்னான் என்று அவர் எழுந்திருப்பார்.

நான் சொல்லவில்லை. எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று நின்றேன். அந்த நேரத்தில் அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு போலீஸ்காரர்கள் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐகோர்ட்டில் அப்பீல் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. செல்லத்தாய் கல்யாணம் வைகாசியில் குறையில்லாமல் நடந்தது. அதே வருஷம் ஆவணியில் ஜெயிலில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு ஒரு பொம்பளை படிக்கட்டில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நல்லகாமனின் மனைவி சீனியம்மாள் என்று அடையாளம் தெரிந்தது. என்னிடம் ஏதோ கேட்க வந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தம்பி, நாலு பேருல நீங்க ஒருத்தருதான் அவுக பக்கம் சொன்னீகளாம்ல" என்றாள். "கடைசியா ஜெயில்ல பாக்கப் போனப்பச் சொன்னாக. 'நான் அவனுக்குச் செஞ்ச பாவத்துக்கு அவன் அப்பிடிச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. ஆனாலும் சொன்னான். நீ போயி அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா'ன்னாக. உடனே வர முடியல தம்பி, கோவிச்சுக்கிறாதீக."

நான் எழுந்திருப்பதற்குள் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆணிச் சாக்குகளுக்கு நடுவில், என் காலடியில் விழுந்துவிட்டாள். தரையெல்லாம் துருப்பொடி. அவள் நெற்றி அதில் பட்டது.

எந்திரிங்க என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் தினமும் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. அவள் எழுந்திருக்காமல் கிடந்தாள், முறை தெரிந்தவள், நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். கடையில் நின்ற வண்டிக்காரர்கள் இரண்டு பேர் என்னையே பார்த்தார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கடையில் சத்தமே இல்லையே என்று பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். கீழே கிடப்பது யார் என்று பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஓடிவந்து, குனிந்து, சீனியம்மாளின் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எந்திரிங்க மதினி" என்றாள்.